ரோமில் இரட்டையரைத் தேடிப் போகிறவர்களுக்கு: கேபிடோலைன் மியூசியம், ஒரு மதிப்பீடு

கேபிடோலைன் மியூசியத்தில் எல்லோரும் செல்போனை நீட்டிப் படம் எடுக்கும் இரட்டைக் குழந்தைகள் பழைய ரோமைச் சேர்ந்தவர்களே அல்ல. வெண்கல ஓநாயின் மடிக்கு அடியில் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கும் அந்த ரோமுலஸும் ரீமஸும், ஓநாய்ப்பால் குடித்து வளர்ந்து ரோமை உண்டாக்கியதாகக் கதை சொல்லும் இரட்டையர், 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள். அந்தோனியோ தெல் பொல்லாயுவோலோவின் கைவேலை என்று சொல்வது வழக்கம். ஆனாலும், கிரேக்க ரோம உலகம் இரட்டைப் பிள்ளைகளை எப்படிப் பார்த்தது என்று தெரிந்துகொள்ள இந்த ஊரில் ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அதை இங்கேயே செலவழிக்கலாம்.

சிற்பத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். மருத்துவத்துக்கு ஒன்று கொடுப்பதே தாராளம். எந்தப் போப் கொடுத்தது, எந்தக் கர்தினாலின் சேகரிப்பிலிருந்து வந்தது, எந்தத் தோட்டத்தைத் தோண்டியபோது கிடைத்தது என்ற கணக்கில்தான் இங்கே பொருள்கள் பெரும்பாலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் இரட்டையர்கள் கட்டடம் கட்டடமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். கருப்பையைப் பற்றி அந்தக் காலத்து வைத்தியர்கள் எழுதி வைத்ததை நீங்கள்தான் மனதில் சுமந்துகொண்டு போக வேண்டும். போனால் ஒன்று பளிச்சென்று தெரியும். கலைஞன் எப்போதும் இரண்டு பிள்ளைகளைச் செய்கிறான். வரலாறு ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. இரட்டையில் இரண்டும் பிழைப்பது அபூர்வம் என்பதுதான் அந்தக் கால மருத்துவத்தின் கருத்தும். ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் ‘இன்னொரு பிள்ளை எங்கே?’ என்று கேட்டுக்கொண்டே நடப்பதுதான் இந்த மியூசியத்தைப் பார்க்கச் சரியான வழி.

முதலில் நடைமுறை விஷயங்கள். தினமும் காலை 9.30க்குத் திறந்து இரவு 7.30க்கு மூடுகிறார்கள், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நுழைவு நின்றுவிடும். மே 1, டிசம்பர் 25 விடுமுறை. இது ரோம் நகராட்சியின் மியூசியம். கீழே தெரியும் ஃபோரம், அதாவது பழைய ரோமின் நகர மையம், இத்தாலிய அரசின் பொறுப்பில் இருப்பது. ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. மாதத்தின் முதல் ஞாயிறு அரசின் இடங்களுக்கு இலவசம். இந்த வாசலில் அது யாருக்கெல்லாம் செல்லும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மியூசியத்துக்கு மூன்று மணி நேரமும் ஃபோரத்துக்கு ஒன்றரை மணி நேரமும் ஒதுக்கினால் அவசரப்பட வேண்டியிருக்காது.

டிக்கெட் எடுக்கும் முன்பே முதல் இரட்டையர் வந்துவிடுகிறார்கள். மைக்கேலாஞ்சலோ திட்டமிட்ட அகலப் படிக்கட்டின் உச்சியில், இரண்டு பக்கமும் குதிரையோடு நிற்கும் பெரிய பளிங்கு ஆண்கள் காஸ்டரும் பொல்லக்ஸும், கிரேக்கரும் ரோமரும் கும்பிட்ட இரட்டைக் கடவுள்கள். 16ஆம் நூற்றாண்டில் ஃப்ளாமினியஸ் சர்க்கஸ் என்ற பழைய மைதானம் இருந்த பகுதியில் கிடைத்தவை; நிறைய இடங்களில் ஒட்டுப்போட்டு நிமிர்த்தியவை. தலையில் இருக்கும் கூம்புக் குல்லாயைக் கவனியுங்கள். அவர்கள் தாய் லீடா ஈன்ற முட்டையின் பாதி ஓடுதான் அது என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. முகச்சாயல் ஒன்றுபோல இருக்கிறதா என்று தேடினால் ஏமாற்றம்தான். ‘இவர்கள் இரட்டையர்’ என்று சொல்ல கிரேக்க, ரோமச் சிற்பிக்கு முகம் தேவைப்படவில்லை. ஒருவன் இடப்பக்கம் திரும்பினால் மற்றவன் வலப்பக்கம், குதிரையும் அப்படியே. கண்ணாடிப் பிம்பமாக நிறுத்திவிடுவான். நாணயங்களில் குல்லாய்க்கு மேல் ஆளுக்கொரு நட்சத்திரம். வானத்திலும் இவர்கள்தான் மிதுன ராசியின் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். நம் பஞ்சாங்கம் புனர்பூசம் என்று குறிப்பதும் அதே ஜோடியைத்தான்.

இவர்களிலேயே ‘காணாமல் போன இரண்டாமவன்’ கதை தொடங்கிவிடுகிறது. ஃபோரத்தில் இருவருக்கும் சேர்த்துக் கட்டிய கோயிலை ரோமர்கள் சும்மா ‘காஸ்டர் கோயில்’ என்றே அழைத்தார்கள். ஜூலியஸ் சீசரும் அவரோடு பதவியிலிருந்த பிபுலஸும் சேர்ந்து பணம் போட்டு விளையாட்டு விழாக்கள் நடத்தியபோது பேர் முழுக்க சீசருக்கே போனது. ‘எனக்கும் பொல்லக்ஸின் கதிதான்’ என்று பிபுலஸ் புலம்பியதை வாழ்க்கை வரலாறு எழுதிய சுவெட்டோனியஸ் பதிவு செய்திருக்கிறார்.

டிக்கெட் வாங்கியதும் பலாட்ஸோ தெய் கன்சர்வதோரியின் முதல் மாடிக்குப் போய் ஓநாய் அறையைப் பாருங்கள். கூட்டம் சேருவதற்குள், அதாவது திறந்த கையோடு, இந்த அறையை முடித்துவிடுவது நல்லது. சிலை எதிர்பார்ப்பதைவிடச் சின்னது: உயரம் 75 செ.மீ., நீளம் 114 செ.மீ. 1471இல் போப் நான்காம் சிக்ஸ்டஸ் ரோம் மக்களுக்குக் கொடுத்த வெண்கலச் சிலைகளில் ஒன்று. அந்தக் கொடையிலிருந்துதான் இந்த மியூசியமே ஆரம்பமாகிறது.

நெடுங்காலம் இதை கி.மு. 5ஆம் நூற்றாண்டு எட்ரஸ்கன் வேலை (ரோமர்களுக்கு முன்பே மத்திய இத்தாலியில் செழித்தவர்கள் எட்ரஸ்கன்கள்) என்றே எழுதிவந்தார்கள். சிலையைப் பழுதுபார்த்த அன்னா மரியா கருபா 2006இல் அதை மறுத்தார். பழங்காலத்தில் பெரிய வெண்கலச் சிலைகளைத் துண்டு துண்டாக வார்த்து, உருகிய வெண்கலத்தால் மூட்டு போட்டு இணைப்பார்கள். இந்த ஓநாயோ மெழுகு அச்சில் ஒரே வார்ப்பாக ஊற்றப்பட்டது. அப்படி ஊற்றும் முறை மணி, பீரங்கி வார்த்த இடைக்காலத்துக்கே பொருந்தும் என்பது அவர் வாதம். உள்ளே தங்கியிருந்த களிமண் உள்ளச்சிலிருந்த கரிமப் பொருளை ரேடியோ கார்பன் முறையில் சோதித்தபோது 11, 12ஆம் நூற்றாண்டு என்று வந்தது. எட்ரஸ்கன் தரப்பு இன்னும் முழுதாகக் கைவிடவில்லை. பின்னங்கால்களைக் குனிந்து பாருங்கள். அங்கே இருக்கும் சிதைவை, கி.மு. 65இல் கேபிடோல் குன்றில் இடி விழுந்து ஓநாய்ச் சிலை சேதமானதாக ரோமப் பேச்சாளர் சிசரோ சொன்னதோடு முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. வார்ப்பில் வந்த கோளாறு என்பதே இப்போது ஏற்கப்படும் விளக்கம். சதிகாரன் கடிலினுக்கு எதிரான பேச்சில் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது, ஓநாயின் மடியை நோக்கி வாய் திறந்திருந்த குட்டி ரோமுலஸை மட்டும்தான் சிசரோ குறிப்பிடுகிறார். ரீமஸ் பேச்சிலேயே இல்லை.

ஓநாய் குழந்தைகளைப் பார்க்கவே இல்லை என்பதையும் கவனிக்கத் தவறாதீர்கள். தலை வெளியே திரும்பி, காது விறைத்து, ஏதோ ஆபத்தை மோப்பம் பிடிப்பது போல நிற்கிறது. பழைய ரோமக் கலையின் ஓநாய் இப்படி நிற்காது. கி.மு. 269 வாக்கில் அச்சிட்ட வெள்ளி நாணயத்தில் அது கழுத்தை வளைத்துப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கிறது. வெர்ஜிலின் காவியத்தில் ஈனியஸின் கேடயத்தில் செதுக்கியிருக்கும் ஓநாயும் கழுத்தை வளைத்து இரண்டு பேரையும் மாறி மாறி நக்குகிறது. கி.மு. 296இல் ஒகுல்னியஸ் சகோதரர்கள், வட்டிக்காரர்களிடம் வசூலித்த அபராதப் பணத்தில், அத்தி மரத்தடியில் ஓநாயின் மடியில் இரட்டையர் இருக்கும் சிலையை வைத்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்த அறையில் இவ்வளவு குழப்பம் இருந்திருக்காது.

இந்த இடத்தில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்து வைத்தியர்கள் பக்கம் வரலாம். மியூசியம் தராதது இதுதான். இது இல்லாமல் மாடியில் பார்க்கப்போவது பாதிதான் புரியும்.

இரட்டை எப்படி உண்டாகிறது என்பதற்குக் கிரேக்கர்களிடம் குறைந்தது நாலைந்து விடைகள் இருந்தன. ஹிப்போகிரட்டீஸ் பேரில் வழங்கும் நூல்களில் ஒன்றான ‘குழந்தையின் இயல்பு’ சொல்வது இது: கருப்பைக்குள் வளைந்த பைகள் பல உண்டு; சில வாய்க்குப் பக்கத்தில், சில தள்ளி. ஒரே கூடலில் வந்த விந்து பிரிந்து இரண்டு பைகளில் விழுந்தால் இரட்டை. ஒவ்வொரு பையிலும் கரு தன் சொந்தச் சவ்வைக் கட்டிக்கொள்ளும். கெட்டியான, பலமான விந்து விழுந்த பையில் ஆண். நீர்த்த, பலவீனமான விந்து விழுந்ததில் பெண். நாயும் பன்றியும் ஒரே கூடலில் பல குட்டி போடுவதும், ஒவ்வொரு குட்டியும் தனித்தனிப் பையில் கிடப்பதும்தான் அத்தாட்சி. இருபது முட்டைகளைக் கோழிக்கு அடைவைத்து நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்க்கச் சொல்வதும் இதே ஆசிரியர்தான். ஆகவே மிருகத்தைப் பார்த்து மனிதருக்குச் சொல்வது அவருக்குப் பிழையாகத் தெரியவில்லை. தவறு அங்கேதான் நுழைகிறது. பன்றிக்கும் நாய்க்கும் கருப்பை நீண்ட கொம்புகளாகப் பிரிந்திருக்கும். பெண்ணின் கருப்பை அப்படி இல்லை.

‘உணவொழுக்கம்’ என்ற இன்னொரு ஹிப்போகிரட்டீஸ் நூல் நிபந்தனைகளை அடுக்குகிறது. கருப்பை வாயின் இரண்டு பக்கமும் சமமாக வளர்ந்திருக்க வேண்டும், சமமாகத் திறக்க வேண்டும், மாதவிலக்குக்குப் பின் சமமாக உலர்ந்திருக்க வேண்டும். வருகிற விந்தும் ஏராளமாகவும் பலமாகவும் இருக்க வேண்டும். தத்துவஞானி எம்பெடோக்ளீஸுக்கு விந்து மிகுந்து பிளந்ததே காரணம். வைத்தியர் அஸ்க்ளெபியாடீஸுக்கு விந்தின் தரமே காரணம்: இரண்டு வரிசை, மூன்று வரிசை மணி பிடிக்கும் பார்லிக் கதிர் அவர் காட்டும் உதாரணம். ஸ்டோயிக் தத்துவக்காரர்கள் கருப்பைக்குள் எந்தெந்த இடத்தில் விழுந்தது என்று பார்த்தார்கள்.

இவர்களில் கத்தியை எடுத்து அறுத்துப் பார்த்தவர் அரிஸ்டாட்டில். ஆணும் பெண்ணுமான இரட்டைக் கருக்கள் கருப்பையின் ஒரே பகுதியில் சேர்ந்து கிடப்பதை விலங்குகளை அறுத்ததில் பலமுறை கண்டிருப்பதாகச் சொல்லி, சூடான இடத்தில் ஆண், குளிர்ந்த இடத்தில் பெண் என்ற எம்பெடோக்ளீஸின் கணக்கைத் தள்ளுகிறார். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண் என்பதும் அதே அடியில் விழுகிறது. இந்த விஷயத்தில் அவரை மெச்சலாம். அடுத்த படியில் அவரும் சறுக்குகிறார். மனிதரில் ஒரு பிள்ளை பிறப்பதே இயல்பு, அதற்கு மேல் பிறப்பது கூடுதல் மூலப்பொருளின் விளைவு என்று வைத்து, ஆறாவது விரல் முளைப்பதையும் இரட்டை பிறப்பதையும் ஒரே காரணத்தின் கீழ் கொண்டுவந்துவிடுகிறார். ஒரு பிரசவத்தில் ஐந்துதான் உச்சவரம்பு என்றும், ஆணும் பெண்ணும் கலந்த மனித இரட்டை பிழைப்பது குறைவு என்றும் எழுதுகிறார். பெண் கரு வயிற்றுக்குள் மெதுவாக வளர்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம்.

ரோமுக்கு வந்தால் கலைக்களஞ்சியம் எழுதிய பிளினி இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். இரட்டைப் பிரசவத்தில் தாய் பிழைப்பதும் அபூர்வம், ஒன்றுக்கு மேல் பிள்ளை பிழைப்பதும் அபூர்வம். ஆணும் பெண்ணுமானால் அதைவிட அபூர்வம். வயிற்றிலேயே ஒன்று இறந்து மற்றது உயிரோடு பிறந்தால் அந்தப் பிள்ளைக்கு ‘வோபிஸ்கஸ்’ என்று தனிப் பேரே இருந்தது. இரட்டையைக் கண்டு யாரும் பயப்படவில்லை, மூன்றும் பரவாயில்லை, அதற்கு மேல் போனால்தான் சகுனம். ஆகஸ்டஸின் கடைசிக் காலத்தில் ஓஸ்தியாவில் ஃபௌஸ்தா என்ற பெண் இரண்டு ஆணும் இரண்டு பெண்ணுமாக நாலு பெற்றாள். பின்னால் வந்த பஞ்சத்தை அது முன்கூட்டிச் சொன்னதாகக் கொண்டார்கள். எகிப்து மட்டும் இதற்கு விலக்கு: நைல் தண்ணீர் அப்படி. வழக்கறிஞர்கள் இன்னும் நிதானமானவர்கள். தகப்பன் செத்துப்போய், ஒரு மகன் இருந்து, மனைவி கர்ப்பமாகவும் இருந்தால், வயிற்றில் மூன்று பிள்ளை இருப்பதாக வைத்துக்கொண்டு மகனுக்கு இப்போதைக்குக் கால் பங்கு மட்டும் கொடுப்பார்கள். பிறந்த பின் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம்.

பிரசவ அறையில் நின்று எழுதியதுபோலத் தெரிபவர் எபேசஸ் ஊர் சொரானஸ். டிராஜன், ஹேட்ரியன் காலத்தில் ரோமில் வைத்தியம் பார்த்தவர். இரட்டை ஏன் உண்டாகிறது என்பதைவிட, வரும்போது என்ன செய்வது என்பதே அவருக்குக் கவலை. ஒன்றுக்கு மேற்பட்ட கரு ஒரே நேரத்தில் கருப்பை வாயில் வந்து அடைத்துக்கொண்டால் மருத்துவச்சி கையை விட்டு ஒன்றைப் பின்னால் தள்ளி, மற்றதை முதலில் எடுக்க வேண்டும். அதனால்தான் நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், விரல் நீளமாக இருக்க வேண்டும் என்கிறார். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து நாலு விரல் தள்ளி வெட்டச் சொல்கிறார். நஞ்சுக்கொடி இன்னும் உள்ளே இருந்தால் இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்டு என்கிறார். இல்லாவிட்டால் ரத்தம் போய்விடும். இரும்பு ஆகாது என்று கண்ணாடித் துண்டு, நாணல், பானை ஓடு, காய்ந்த ரொட்டி ஓரம் என்று தேடியவர்களைக் கேலி செய்துவிட்டுக் கத்தியை எடுக்கச் சொன்னவர். இந்த மியூசியத்தில் இவருக்கு ஒரு மூலை ஒதுக்கினால் இந்த மதிப்பீட்டில் பாதி வரிகளை எடுத்துவிடலாம்.

அடுத்து நிலத்தடிப் பாதை வழியாக எதிர்க்கட்டடமான பலாட்ஸோ நுவோவோவுக்கு. இங்கே இரண்டு சிலைகள் போதும். ஒன்று அன்னப்பறவையை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மேலாடையைத் தூக்கும் லீடா. கிரேக்கச் சிற்பி திமோதியஸின் மாதிரியை வைத்து ரோமர் செய்தது. கதைப்படி அன்னமாக வந்தவன் கடவுள்களின் அரசன் சியூஸ். அதே இரவில் கணவன் திண்டாரியஸும் அவளோடு இருந்தான். பொல்லக்ஸும் ஹெலனும் சியூஸின் பிள்ளைகள். காஸ்டரும் கிளிட்டெம்னெஸ்ட்ராவும் கணவனுக்குப் பிறந்தவர்கள். காஸ்டர் சாவான், பொல்லக்ஸ் சாகமாட்டான்.

இன்னொன்று பாம்பை நெரிக்கும் குழந்தை ஹெர்குலிஸ். முகம் ஏதோ அரச வீட்டுப் பிள்ளையின் சாயல் என்பவர்கள் உண்டு. இந்தச் சிலையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் கதையும் மருத்துவமும் கைகோக்கின்றன. சியூஸ் ஆம்ஃபிட்ரியோனின் வேடத்தில் அவன் மனைவி அல்க்மேனாவிடம் வந்தான். பிறகு உண்மையான ஆம்ஃபிட்ரியோனும் வந்தான். ஹெர்குலிஸும், அவனைவிட ஒரு ராத்திரி இளைய இஃபிக்ளீஸும் இரட்டையாகப் பிறந்தார்கள். ஒரு கரு தங்கிய பிறகு அதற்கு மேல் இன்னொரு கரு தங்க முடியும் என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டும் உதாரணமே இந்த இருவர்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தங்கினால் இரட்டையாகவே பிறக்கும் என்கிறார். கள்ள உறவில் இருந்த ஒருத்திக்கு ஒரு பிள்ளை கணவன் ஜாடையிலும் மற்றது காதலன் ஜாடையிலும் பிறந்ததாகவும் சொல்கிறார். எஜமானனின் ஜாடையில் ஒன்றும், அவன் காரியஸ்தனின் ஜாடையில் ஒன்றுமாகப் பெற்ற அடிமைப்பெண்ணைப் பற்றிப் பிளினி எழுதுவதும் இதே ரகம். இரட்டை என்றால் தாயின் கற்பைச் சந்தேகிக்கும் புத்திக்கு மருத்துவமும் முட்டுக்கொடுத்திருக்கிறது.

பாம்பை அனுப்பியது சியூஸின் மனைவி ஹேரா என்பது எல்லோரும் அறிந்த கதை. பழைய கிரேக்க எழுத்தாளர் ஃபெரெகைடீஸ் வேறு மாதிரி சொல்கிறார்: இரண்டில் எது தன் பிள்ளை என்று கண்டுபிடிக்க ஆம்ஃபிட்ரியோனே பாம்பைத் தொட்டிலில் விட்டானாம். பயந்து ஓடியது தன் பிள்ளை என்று தெரிந்துகொண்டானாம். தந்தை யார் என்று பார்க்கும் சோதனைக்கு இதைவிட மோசமான முறை இருக்க முடியாது. பாரிஸ் லூவரில் உள்ள கி.மு. 480 வாக்கிலான ஒரு கிரேக்க ஜாடியில் இஃபிக்ளீஸ் அம்மாவை நோக்கிக் கை நீட்டுகிறான். இங்கே பளிங்கில் அவனுக்கு இடமே இல்லை.

மறுபடி கன்சர்வதோரிக்குத் திரும்பி, லாமியன் தோட்டத்தில் 1874இல் கிடைத்தவற்றுக்கு நடுவே கொமோடஸைத் தேடுங்கள். தலையில் சிங்கத்தோல், வலக்கையில் கதாயுதம், இடக்கையில் ஹெஸ்பெரிடீஸின் ஆப்பிள்கள். ஹெர்குலிஸ் வேடமிட்ட சக்கரவர்த்தி. பளபளப்பு அப்படியே இருக்கிறது. தாடிச் சுருளில் துளைக்கருவி போன தடத்தைத் தனித்தனியாக எண்ணலாம். வந்தவர்கள் பெரும்பாலும் திமிரைத்தான் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். இவன் இரட்டையில் மிஞ்சிய ஒருவன் என்பது படத்தை மாற்றிவிடும். கி.பி. 161 ஆகஸ்ட் 31 அன்று லனூவியத்தில் இவனும் அன்டோனினஸும் பிறந்தார்கள். தாய் ஃபௌஸ்தினா இரண்டு பாம்புகளைப் பெறுவதாகவும் அதில் ஒன்று மூர்க்கமானது என்றும் கனவு கண்டாளாம். சோதிடர்கள் இருவருக்கும் சமமான ஜாதகம் எழுதினார்கள். அன்டோனினஸ் நாலு வயதில் போய்விட்டான். மார்புக்குக் கீழே இருக்கும் சிறு கோளத்தில் ரிஷபம், மகரம், விருச்சிகம் செதுக்கியிருக்கிறது. மிதுனம் இல்லை.

ஒரே நேரத்தில் பிறந்தவர்களுக்கு ஏன் வேறு வேறு விதி என்ற கேள்விக்கு அதற்கும் முன்பே ஒருவர் செய்முறை விளக்கம் கொடுத்திருந்தார். சிசரோவின் நண்பர் நிகிடியஸ், குயவனின் சக்கரத்தை முழு வேகத்தில் சுற்றிவிட்டு, ஒரே இடத்தில் படுவதுபோல இரண்டு முறை சட்டென்று மையைத் தொட்டு வைத்தார். சக்கரம் நின்றதும் இரண்டு புள்ளியும் வெகுதூரம் தள்ளி இருந்தன. வானம் அதைவிட வேகமாகச் சுற்றுகிறதே என்றார். கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் இதை எடுத்துச் சொல்லி, அவ்வளவு நுட்பமான வித்தியாசம் என்றால் மற்றவர்களுக்கு நீங்கள் எழுதும் ஜாதகத்தை எப்படி நம்புவது என்று மடக்குகிறார். அதே பக்கங்களில் இன்னொரு வழக்கும் வருகிறது: ஒரே நேரத்தில் நோயில் விழுந்து ஒரே நேரத்தில் தேறிய இரண்டு சகோதரர்களை இரட்டையர் என்று ஹிப்போகிரட்டீஸ் ஊகித்தார். ஸ்டோயிக் தத்துவக்காரர் பொசிடோனியஸ் அதற்கு நட்சத்திரத்தைக் காரணம் காட்டினார். வைத்தியரான ஹிப்போகிரட்டீஸ் உடல்வாகைக் காரணம் காட்டினார்.

இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் நிலத்தடிப் பாதையிலிருந்து, பழைய ரோமின் ஆவணக்காப்பகம் என்று சொல்லப்படும் தபுலாரியத்துக்கு ஒரு கிளை போகிறது. வரும்போதோ போகும்போதோ அதைத் தவற விட்டுவிடாதீர்கள். வளைவுகள் வழியாகக் கீழே ஃபோரம் முழுதும் விரியும். தனியாக நிற்கும் மூன்று உயரமான தூண்கள்தான் காஸ்டர் கோயில். ரெகில்லஸ் ஏரிப் போரில் நேர்ந்துகொண்டு கி.மு. 484இல் திறந்தது, இப்போது நிற்கும் தூண்கள் கி.பி. 6இல், பின்னால் சக்கரவர்த்தியான திபேரியஸ் புதுப்பித்ததில் மிஞ்சியவை. மியூசியத்தில் இல்லாத மருத்துவம் இந்தத் தூண்களின் காலடியில் இருக்கிறது. கோயிலின் அடிமேடைக்குள் சின்னச் சின்னக் கடைகள் இருந்தன. 1980களின் அகழாய்வில் அவற்றில் ஒன்றின் சாக்கடைக்குள்ளிருந்து பிடுங்கிய பற்கள் 86 கிடைத்தன. பெரும்பாலும் சொத்தையால் குடைந்துபோன கடைவாய்ப் பற்கள். இரட்டையர் கோயிலுக்குக் கீழே ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்திலேயே யுதுர்னா ஊற்று. போர் முடிந்த கையோடு காஸ்டரும் பொல்லக்ஸும் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய இடம். நோயாளிகள் அந்தத் தண்ணீரைத் தேடி வந்தார்கள் என்று வர்ரோ எழுதுகிறார். 1900இல் அந்தக் குளத்தைத் தோண்டியபோது இரட்டையரின் உடைந்த சிலைகள் வந்தன. வைத்தியக் கடவுள் எஸ்குலேபியஸின் சிலையும் வந்தது.

கீழே இறங்கிப் போக விரும்பினால் தனி டிக்கெட். கொலோசியத்தையும் சேர்த்து ஆன்லைனில் எடுத்தால் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். மியூசியத்துக்குள்ளிருந்து நேராக இறங்க முடியாது. வெளியே வந்து ஃபோரி இம்பீரியாலி சாலை வழியாகச் சுற்ற வேண்டும். வெயிலில் அந்தச் சுற்று வேண்டாம் என்றால் தபுலாரியத்திலிருந்து பார்த்ததே போதும்; தூண்களைத் தவிர அருகில் போய்ப் பார்க்க அதிகம் இல்லை. ஓநாய் மட்டும் போதும் என்பவர்களுக்கு டிக்கெட்டே தேவையில்லை. பலாட்ஸோ செனதோரியோவின் ஓரமாகத் தூண் ஒன்றின் மேல் அதன் நகல் இருக்கிறது.

கர்ப்பவதிகள் உண்மையில் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று பார்க்க ரோமின் எட்ரஸ்கன் மியூசியமான வில்லா ஜூலியாவுக்குத்தான் போக வேண்டும். மத்திய இத்தாலியின் கோயில்களில் மண்ணால் செய்த கை, கால், கண், கருப்பை எல்லாம் நேர்த்திக்கடனாகக் குவிந்தன. வேயி ஊரில் கிடைத்தவை அங்கே உண்டு. வுல்சியில் கிடைத்த மண் கருப்பைகள் சிலவற்றை எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே சின்ன மண் உருண்டைகள் தெரிந்தன. சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. இரண்டு உருண்டை இரட்டைக்கான வேண்டுதல் என்று எடுத்துக்கொள்ள ஆசையாக இருக்கும். கையில் இருக்கும் சான்று அவ்வளவு தூரம் வராது.

நேரம் இருந்தால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பலாட்ஸோ மாஸிமோ என்ற மியூசியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வில்லா ஜூலியாவைப் போலவே இதற்கும் திங்கள் விடுமுறை; கேபிடோலைனைத் திங்களுக்கு வைத்துக்கொண்டு இவற்றை மற்ற நாளில் பார்ப்பது புத்திசாலித்தனம். அடித்தளத்தில் ரோம நாணயங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. இரட்டையர் அரசியல் ஆனதை நாணயத்தில்தான் நன்றாகப் பார்க்கலாம். கி.பி. 19இல் திபேரியஸின் மகன் துரூசஸுக்கு இரட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். இவ்வளவு உயர்ந்த குலத்தில் வேறு எந்த ரோமனுக்கும் இப்படி வாய்த்ததில்லை என்று திபேரியஸ் செனட்டில் பெருமையடித்ததாக டாசிடஸ் எழுதுகிறார். அடுத்து வந்த பித்தளை நாணயத்தில் பழம் நிறைந்த இரண்டு கொம்புகள் குறுக்காக, அவற்றின் வாயிலிருந்து ஆளுக்கொரு குழந்தைத் தலை. கி.பி. 23இல் அவற்றில் ஒரு பிள்ளை இறந்தான். ஃபௌஸ்தினாவின் நாணயத்தில் கொமோடஸும் கூடப் பிறந்த அன்டோனினஸும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘யுகத்தின் இன்பம்’ என்று சுற்றி எழுத்து.

அதே கட்டடத்தில் ஓஸ்தியாவிலிருந்து கொண்டுவந்த மார்ஸ், வீனஸ் பலிபீடம் இருக்கிறது, அதில் கி.பி. 124 என்று தேதி உண்டு. முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் அதிகம். பின்பக்கம் சுற்றிப் போங்கள். டைபர் நதிக்கடவுள் சாய்ந்திருக்கிறான், மேலே இடையர்கள், கீழே ஓநாயும் இரண்டு பிள்ளைகளும். இந்த ஓநாய்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரே உளி, ஒரே காலம். யாரும் பின்னால் சேர்த்தது அல்ல.